நாய்க்குக் கொட்டகை போடலாமா

அக்காவிடம் ஒன்பது நாய்கள் இருந்தன. எல்லாம் தெருவில் அடிபட்டுக் கிடந்தவை. ஜோகுபாளையத்தில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில்தான் வைத்திருந்தாள். பக்கத்து வீட்டார் இரண்டாவது முறையாகப் போலீசுக்குப் போனதும், ஊருக்கு வெளியே பத்து குண்டே, அதாவது கால் ஏக்கர், நிலம் வாங்கி, நாய்களுக்கு ஒரு கொட்டகையும் தனக்கு ஒரு ரூமும் கட்டிக்கொள்வதென்று முடிவு செய்தாள். பள்ளிக்கூட ஆபீஸ் வேலையிலிருந்து அப்போதுதான் ஓய்வு பெற்றிருந்தாள். அங்கே என்ன கட்டலாம் என்று விசாரிப்பது என் பொறுப்பு. நான் ஏ.சி. மெக்கானிக். நிலத்தைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது.

ஹொசக்கோட்டை தாண்டி ஒரு ராகி வயலை புரோக்கர் காட்டினார்.

"தாராளமா கட்டுங்க. யாரு கேக்கப் போறாங்க?"

"யாராவது கேட்டா?" என்றாள் அக்கா.

"அப்போ பாத்துக்கலாம் மேடம்."

அந்தப் பதில் எனக்குப் பிடிக்கவில்லை. மறுநாள் லீவு போட்டுப் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனேன். விவசாய நிலத்தில் மாட்டுக் கொட்டகை போடலாம், பம்ப் ரூம் கட்டலாம் என்றார் அங்கிருந்த அம்மா.

"நாய்க் கொட்டகை?"

கொஞ்சம் யோசித்தார். "நாய் விவசாயத்துல வருமான்னு தெரியல. தாலுக் ஆபீஸ்ல கேளுங்க."

தாலுக் ஆபீஸ் கிளார்க், வயலைக் காக்கிற நாய் என்றால் வரும் என்றார். எத்தனை நாய் வரைக்கும் என்று கேட்டேன். பேனாவை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். "ஒண்ணு, ரெண்டு. அதுக்கு மேலன்னா விவசாய நிலம் இல்லைன்னு மாத்தி கன்வெர்ஷன் பண்ணணும். அது ஆகுமான்னு பிளானிங் ஆபீஸ் மேப்புலதான் தெரியும்."

அங்கே போய்ப் பார்த்த மேப்பில் வீடு கட்டுகிற இடம் மஞ்சள், விவசாயம் பச்சை. நாங்கள் பார்த்த நிலத்தின் சர்வே நம்பருக்கு நடுவே இரண்டையும் பிரிக்கும் கோடு ஓடியது. எந்தப் பாதி மஞ்சள் என்று நிலத்தில் காட்ட சர்வேயர் வர வேண்டுமாம். சர்வேயர் வேண்டுமென்று எழுதிக் கொடுக்க, பஹணியில், அதாவது நிலப் பதிவேட்டில், பெயர் உள்ளவர்தான் வர வேண்டுமாம். பஹணியில் எங்கள் பெயர் ஏற வேண்டுமென்றால் நாங்கள் நிலத்தை வாங்கியிருக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அக்கா இரண்டு முறை சொல்ல வைத்தாள். "அப்போ வாங்கின பிறகுதான் வாங்கலாமான்னு சொல்லுவாங்களா?" என்று கேட்டாள். எனக்கும் அப்படித்தான் புரிந்திருந்தது.

கடைசியில் நிலத்துக்காரம்மாவையே எழுதிக் கொடுக்கச் சொல்லலாம் என்று போனோம். எங்கள் வயதுதான் இருக்கும் அவருக்கு. எனக்குத் தெரிந்த கன்னடத்தில் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "மஞ்சள்னா என்ன?" என்றார். வீடு கட்டலாம், மனை மனையாகப் பிரித்து சைட் போட்டு விற்கலாம் என்றேன். அவர் எழுந்து உள்ளே போய்த் தன் தம்பிக்குப் போன் செய்தார்.

அடுத்த வாரம் புரோக்கர் கூப்பிட்டார். "அந்தம்மா இப்போ விக்கலையாம். தம்பியும் அவங்களும் ஆபீஸ் ஆபீஸா அலையறாங்க. நீங்க ஏன் சார் அவங்ககிட்ட மஞ்சள் கதையெல்லாம் சொன்னீங்க?"

நான் செய்தது சரியா தப்பா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. சொல்லாமல் வாங்கியிருந்தால் அந்தம்மாவை ஏமாற்றியது போல இருந்திருக்கும். சொன்னதால் அக்காவுக்கு நிலம் இல்லை. அக்கா என்னைத் திட்டவில்லை. வேறு இடம் பார்க்கச் சொன்னாள். பார்த்துக்கொண்டிருக்கிறேன். யாரிடம் எதை முதலில் கேட்பது என்றுதான் இன்னும் பிடிபடவில்லை.