திரும்பி வராத புக்கிங் பீஸ்

சிறுவயதில் எதற்கெடுத்தாலும் ஏன், எதற்கு என்று கேட்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. இந்தக் குணத்தால் ஒருமுறை என் அத்தையின் பிழைப்பில் மண்ணைப் போடப் பார்த்தேன்.

அத்தை என்றால் அப்பாவின் தங்கை. கல்லாவியிலிருந்து வந்து ஓசூரில் எங்களோடு தங்கி, ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். சீக்கிரமே பர்மனென்ட் ஆக்கிவிடுவார்கள் என்று பேச்சு இருந்தது. அதற்குள் கோயம்புத்தூரிலிருந்த பெரியப்பா ஒரு மாப்பிள்ளையைப் பார்த்துவிட்டு, எல்லோரும் ரயிலேறி வாருங்கள், என் வீட்டிலேயே பெண் பார்க்கட்டும் என்று உத்தரவு போட்டார். பர்மனென்ட் ஆன பிறகு கட்டிக்கொள்கிறேன் என்று அத்தை கெஞ்சியதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அண்ணன் கிழித்த கோட்டை அப்பா அதுவரை தாண்டியதே கிடையாது.

பஸ் ஸ்டாண்டு பக்கத்திலிருந்த பிரவுசிங் சென்டரில் அப்பா, அம்மா, அத்தை, நான் என்று எங்கள் நால்வருக்கும் அப்பா டிக்கெட் போட்டார். கிளம்புவதற்கு முந்தைய நாள், ஷிப்ட் முடிந்து வந்த அத்தை, ரயில் ரத்தாகிவிட்டதாம், பணத்தைக் கடைக்காரரே வாங்கித் தருவாராம் என்றாள். பெரியப்பாவுக்கும் அதையே சொல்லியாயிற்று. எனக்குத்தான் மண்டை குடைந்தது. அவ்வளவு நீள ரயிலை ரத்து செய்தால் எங்கே கொண்டுபோய் நிறுத்துவார்கள்? அதில் டீ விற்கிறவர் அன்றைக்கு என்ன செய்வார்?

சில நாள் கழித்துப் பணம் வாங்கப் போன அப்பாவோடு நானும் வண்டியில் தொற்றிக்கொண்டேன். கடைக்காரர் கொடுத்ததை எண்ணிப் பார்த்து அப்பா முகம் சுளித்தார்.

“வண்டி ரத்துன்னா முழுசா வரணுமில்ல?”

“ரயில்வேயே ரத்து பண்ணியிருந்தா டிக்கெட் காசு முழுசா வந்துரும் சார். இது நாம கேன்சல் பண்ணது. பிடிச்சிக்கிட்டுதான் தருவாங்க. வண்டி அன்னிக்கி ஓடுச்சே.”

அப்பா பணத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். ‘நாம’ என்றால் யார் என்று நான் கேட்டேன். வா போகலாம் என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அன்று இரவு களியும் கீரையும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது பெரியப்பா போன் செய்தார். ரயில் நிஜமாகவே ரத்தானதா என்று அவர் அதட்டிக் கேட்டது எங்கள் எல்லோருக்கும் கேட்டது. களி எடுத்துப் போட வந்த அத்தை கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

“ரத்துதாண்ணா. இன்னிக்கித்தான் போய்ப் பணத்த வாங்கிட்டு வந்தேன். முழுசா வந்துருச்சு,” என்றார் அப்பா.

என்னால் பொறுக்க முடியவில்லை. “முழுசா வரலையேப்பா,” என்று உரக்கவே சொன்னேன்.

அப்பா என்னைப் பார்க்கவில்லை. அத்தையைத்தான் பார்த்தார்.

“அது புக்கிங் பீஸ் பாப்பா. எந்த வண்டி ரத்தானாலும் அது மட்டும் திரும்பி வராது.”

பெரியப்பா, ரயில்வேக்காரன் பகல் கொள்ளை அடிக்கிறான் என்று திட்டிவிட்டுப் போனை வைத்தார். டிக்கெட் எடுத்துக் கொடுப்பதற்கு இவ்வளவு பெரிய தொகையா என்று எனக்கும் கோபம் வந்தது. இன்னொன்றும் விளங்கவில்லை. பணம் போனது அப்பாவுக்கு. அதற்கு அத்தை ஏன் அடுப்படிக்குப் போய் அப்படி அழுதாள்?