இரண்டு வருடமாய்ப் படை

பட்டாளத்தில் சேர்ந்த புதிதில், முகாமுக்கு வந்துபோகும் வெள்ளைக்காரப் பாதிரியார் ஒரு விளக்கம் சொன்னார். சோல்ஜர் என்ற சொல் பழைய ரோமாபுரி நாணயம் ஒன்றின் பெயரிலிருந்து வந்ததாம். கூலிக்குச் சண்டை போடுகிறவன் என்பதுதான் பொருளாம். உயிரைக் கொடுக்க வந்தவனைக் கூலிக்காரன் என்றே அழைக்கும் அவர்களுடைய நேர்மையை மெச்சினேன். நம்முடைய தமிழோ இந்த விஷயத்தில் மகா தாராளம். சேவகன் என்றால் ஒருகாலத்தில் வீரன். எங்கள் காலத்தில் அந்தப் பெயர் அரசாங்கக் கச்சேரியில் கடதாசிக் கட்டுச் சுமப்பவனுக்குப் போய்விட்டது. படை என்றால் சேனை. தோலில் வட்டவட்டமாகப் படரும் சொறிக்கும் அதே பெயர்தான். இந்தத் தாராளத்தால் என் கல்யாணமே கவிழப் பார்த்தது.

செட்டிபாளையத்தில் அம்மன் கோயிற் சடங்கின்போது ஒரு பெண்ணைப் பார்த்திருந்தேன். கட்டினால் அவளைத்தான் என்று வீட்டில் ஒற்றைக்காலில் நின்றேன். எங்கள் மட்டக்களப்புப் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோக வேண்டும். ஆகவே அவளுடைய தாயின் சொல்லே முடிவு. யுத்தகாலம் வேறு. பட்டாளத்தான் என்றால் குடிகாரன் என்று ஊரில் பேர். அந்தச் சொல் மட்டும் வாயில் வரக் கூடாது என்று, பெண் கேட்கப் போகும் வழியெல்லாம் தாய்மாமா எனக்குப் படித்துப் படித்துச் சொன்னார்.

"மாப்பிள்ள என்ன தொழில் செய்யாரு?" என்று பெண்ணின் தாய் கேட்டார்.

"சேவகம், அக்கா" என்றார் மாமா.

"கச்சேரியில பியோனா?" அவருடைய முகம் சுண்டிவிட்டது.

மாமாவுக்கு ரோசம் வந்தது. "சீ, இல்லக்கா. மருமகனுக்குப் படை. ரெண்டு வருசமாப் படைதான்."

நானும் நேரம் பார்த்து, கஞ்சி போட்ட சட்டைக் காலர் அறுத்த கழுத்தைச் சொறிந்துகொண்டேன்.

தாய் பாயில் சற்றுத் தள்ளி அமர்ந்தார். "ரெண்டு வருசமாவா? வண்டுகொல்லி இலைய அரைச்சுப் பூசல்லியா? எங்கட வீட்டுல பச்சப்புள்ளையளும் இரிக்கி, தம்பி."

வெள்ளைக்காரனின் சேனையை ஒரு கைப்பிடி இலையால் ஒழிக்க வழி சொன்ன முதல் ஆள் அவர்தான். ஆனால் சிரிக்கும் நிலையில் நான் இல்லை. பெண் கைநழுவிப் போகிறாளே என்ற பதற்றத்தில், "அந்தப் படை இல்ல, பட்டாளம்!" என்று உளறிவிட்டேன்.

மாமா தலையில் கைவைத்தார். தாய் எங்கள் முன்னால் வைத்த வெற்றிலைத் தட்டத்தைத் தன் பக்கமாக இழுத்துக்கொண்டார்.

அப்போது கதவுக்குப் பின்னாலிருந்து பெண்ணின் குரல் வந்தது. "சண்டைக்குப் போனா ஆள் திரும்பி வருவாரா எண்டு கேளுங்கம்மா."

அதுவரை நாங்கள் எல்லோரும் சொல்லோடுதான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். ஆளைப் பற்றிக் கேட்டவள் அவள் ஒருத்திதான்.

மூச்சே விடாதே என்று மாமா எச்சரித்திருந்த செய்தியைச் சொன்னேன். "மாமி, நான் சுடுற துவக்கத் தொட்டதே இல்ல. மட்டக்களப்பு முகாமில, குசினியில வெங்காயம் உரிக்கிறன். என்னை ஒரு இடத்துக்கும் அனுப்பமாட்டாங்க."

கதவுக்குப் பின்னால் களுக்கென்று ஒரு சிரிப்பு. "அப்ப சரி எண்டு சொல்லுங்க." தாய் வெற்றிலைத் தட்டத்தை மறுபடி எங்கள் பக்கம் தள்ளினார்.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. பழிபோட அன்று பக்கத்தில் வெங்காயமும் இல்லை.