மந்திரவாதி ஏன் செம்பைத் தட்டுகிறான்?

நான் எழுதிய தொடர்கதையில் ஒரு மந்திரவாதி வருவான். தண்ணீர் குடிப்பதற்கு முன் செம்பை விரலால் மூன்று தடவை தட்டுவான். பிறகு வெளிச்சத்துக்குச் சாய்த்து உள்ளே பார்ப்பான். முதல் வாய்த் தண்ணீரைத் தரையில் ஊற்றுவான். ஏன் என்று கேட்டவர்களிடம் எனக்கே தெரியாது என்று சொல்லி வந்தேன். மந்திரவாதி என்றால் தாடி வேண்டும், கோல் வேண்டும், கொஞ்சம் கிறுக்கும் வேண்டும். தாடியையும் கோலையும் நானே யோசித்துப் போட்டேன். கிறுக்கு வீட்டிலேயே கிடைத்தது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளில், மண்டைக்காட்டுப் பக்கம் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் வாத்தியாராக இருந்தேன். வாத்தியார்கள் மூன்று பேர் சேர்ந்து கையெழுத்துப் பத்திரிகை நடத்தினோம். ஒரே ஒரு பிரதிதான். அது வீடு வீடாகப் போகும். கடைசி நாலு பக்கம் வெறுமையாக விட்டிருப்போம், படித்தவர்கள் அபிப்பிராயம் எழுதுவதற்கு. என் கதைக்கு அந்த இடம் போதவில்லை. எதிரி செய்வினையாக வைத்த கூடோத்திரத்தை முறிக்கத்தான் தட்டுகிறான் என்று ஒருவர் எழுதினார். கூடோத்திரமாவது மண்ணாவது, செம்புக்குள் பூதம் இருக்கிறது என்று அடுத்தவர். எனக்குத் தலைகால் புரியவில்லை, அவ்வளவு பெருமை.

வீட்டில் செம்பைத் தட்டுகிறவன் என் அண்ணன். முப்பது வயதாகியும் அவனுக்குக் கல்யாணம் ஆகவில்லை. இரண்டு வருடம் முன்பு வீடு காண வந்த ஒரு பெண்வீட்டார், அவன் தண்ணீர் குடித்த விதத்தைப் பார்த்துவிட்டுப் போனவர்கள் போனவர்கள்தான். இப்போது இரணியலில் ஒரு இடம் ஒத்து வந்திருந்தது. சனிக்கிழமை வீடு காண வருவதாகச் சொல்லியிருந்தார்கள்.

"மக்கா, அவிய போறது வரைக்கும் தண்ணி குடிக்காத, கேட்டியா?" என்று அம்மா அவனிடம் கெஞ்சினாள். அவன் சரி என்று தலையாட்டினான்.

புதன்கிழமை, கூட வேலை பார்த்த வாத்தியார் போகிற போக்கில் சொன்னார்: "பத்திரிகை இப்பம் இரணியல்லயாக்கும் சுத்துது."

அண்ணன் தண்ணீர் குடிக்கிற விதம் அதில் அப்படியே இருந்தது. சைக்கிள் ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு பறந்தேன். முதல் வீட்டில், தையல்காரரிடம் கொடுத்துவிட்டோம் என்றார்கள். தையல்காரர் ஒரு நெசவுக்காரரைக் கைகாட்டினார். நெசவுக்காரர் தறியை நிறுத்தாமலே, "நேத்தே குடுத்தாச்சே" என்று சொன்ன வீடு, அண்ணனுக்குப் பார்த்திருந்த பெண்ணின் வீடு. மாப்பிள்ளையின் தம்பி அங்கே எந்த முகத்தோடு நுழைவது? தெருமுனையில் ஒரு சோடா வாங்கிக் குடித்தேன். பாதியை அப்படியே வைத்தேன். திரும்பி வந்துவிட்டேன்.

மீதி இரண்டு நாளும் இருப்புக் கொள்ளவில்லை. கரும்பலகையில் கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டுப் பிள்ளைகளைத் திட்டினேன். அண்ணனிடம் சொல்லிவிடலாம் என்று பலமுறை அவன் பக்கத்தில் போய் நின்றேன். "என்னலே?" என்பான். ஒன்றுமில்லை என்பேன்.

சனிக்கிழமை வந்தார்கள். பெண்ணின் அப்பா உட்கார்ந்ததும் கக்கத்திலிருந்து பத்திரிகையை எடுத்தார். நான் கையை நீட்டினேன். அவர் என்னைத் தாண்டி அண்ணனிடம் நீட்டினார்.

"மவ சொல்லிச்சு, எழுதினவருட்ட குடுக்கண்டாம், உம்மட்டதான் குடுக்கணும்னு. நாங்களும் அந்தச் செம்பு காரியத்த விசாரிச்சிட்டாக்கும் வந்திருக்கோம்."

அண்ணன் கடைசிப் பக்கத்தைப் பிரித்தான். அவன் தோளுக்கு மேலாக நானும் படித்தேன். அவர் மகளின் அழுத்தமான சின்ன எழுத்து: 'மந்திரவாதி தனக்காகச் செம்பைப் பார்க்கவில்லை. அவன் கையால் தண்ணீர் வாங்கிக் குடித்த யாரோ இறந்திருக்க வேண்டும். இதில் சிரிக்க என்ன இருக்கிறது?'

காலரா வந்த வருடம் எங்கள் தங்கைக்கு ஏழு வயது. அண்ணன் குளத்திலிருந்து மொண்டு வந்த தண்ணீரைக் குடித்தாள். மறுநாள் சாயங்காலம் அவளை அடக்கம் செய்தோம். சவப்பெட்டியின் ஒரு முனையை நானும்தான் தூக்கினேன். அதன் பிறகுதான் அண்ணன் செம்பைத் தட்ட ஆரம்பித்தான்.

அவன் பத்திரிகையை மூடினான். அம்மாவிடம் தண்ணீர் கேட்டான். அம்மா தயங்கித் தயங்கிக் கொண்டுவந்தாள். அத்தனை பேர் முன்னாலும் மூன்று தடவை தட்டினான், சாய்த்துப் பார்த்தான், கொஞ்சம் தரையில் ஊற்றினான்.

செம்பைக் கீழே வைத்துவிட்டு அண்ணன் என்னைப் பார்த்தான். கோபமே இல்லாமல் கேட்டான்: "ஏலே, இதுக்க அர்த்தம் உனக்குத் தெரியாதா?"

"தெரியும்" என்றேன்.

கல்யாணம் நடந்தது. அண்ணி எங்கள் வீட்டுக்கு வந்து பல வருடம் வரைக்கும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. ஏன் என்று நான் ஒருநாளும் கேட்கவில்லை.