லெட்சுமி சேர்த்து வைத்த காகிதங்கள்

முருகன் அடியார்களே, "நீ திருடி எழுதியிருக்கிறாய்" என்று ஒரு விரிவுரையாளர் என் முகத்துக்கு நேராகச் சொன்னார். தொண்ணூறுகளின் இறுதி. பினாங்கில் பல்கலைக்கழக இறுதியாண்டு. தைப்பூசம் முடிந்து இரண்டாம் வாரம், செவ்வாய்க்கிழமை.

என் ஆய்வுக் கட்டுரையும் வசந்தியின் கட்டுரையும் வரிக்கு வரி ஒன்று. அவள் முந்திக்கொண்டு ஒப்படைத்திருந்தாள். பிந்தியவள் நான், அதனால் திருடியும் நான். குற்றம் உறுதியானால் படிப்பை விட்டே நீக்கிவிடுவார்கள்.

வசந்தி மூன்று வருடம் என் அறைத்தோழி. செபராங் ஜெயாவில் எங்கள் வீட்டில் என் அம்மா கையால் எத்தனையோ நாள் சாப்பிட்டவள். உண்ட வீட்டுக்கு இரண்டகம் என்பார்களே, அதுதான்! நாங்கள் ஐந்து பேர் மின்னஞ்சலில் படிப்புக் குழு வைத்திருந்தோம். எழுதியதை எல்லாருக்கும் அனுப்பித் திருத்தம் கேட்போம். நானும் முழுக் கட்டுரையை அனுப்பி, "திருத்தம் சொல்லுங்கள், வந்து ஒப்படைக்கிறேன்" என்று எழுதிவிட்டுத் தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலில் பால்குடம் எடுக்கப் போனேன். நான் மலையேறிய நேரத்தில் அவள் தன் பெயரைப் போட்டுக்கொண்டாள்.

நிரூபிக்க என்னிடம் எதுவும் இல்லை. அந்தக் காலத்து மின்னஞ்சல் பெட்டி சின்னது. பழையதை அழித்தால்தான் புதியது வரும். என் கையாலேயே அழித்திருந்தேன்.

"ஏன்டி இப்படிப் பண்ணே?"

"குரூப்புல போட்டா எல்லாருக்கும் பொதுதான் லா. உன்ன யாரு லேட்டா கொடுக்கச் சொன்னா?"

குழுவில் இன்னும் இருவரிடம் கெஞ்சினேன். "எங்கள இதுல இழுக்காதே லா" என்று நழுவிவிட்டார்கள். வசந்தி செய்ததைவிட அது வலித்தது.

வெள்ளிக்கிழமை அதே தண்ணீர்மலைப் படியில் உட்கார்ந்து அழுதேன். "முருகா, உனக்குப் பால் சுமந்த நேரத்திலா எனக்கு இது? ஒருத்தராவது வாயைத் திறக்கட்டும்."

திங்கட்கிழமை விசாரணை. அறை வாசலில் லெட்சுமி நின்றாள். பத்து காவான் என்ற ஊரின் தோட்டத்துப் பெண், குழுவில் ஐந்தாவது ஆள். வீட்டில் கணினி இல்லாததால் குழுவுக்கு வரும் ஒவ்வொரு மின்னஞ்சலையும் அச்செடுத்துக்கொண்டு போய் வார இறுதியில் படிப்பாள். 'பேப்பர்கடை' என்று அவளுக்குப் பட்டப்பெயர் வைத்ததே நான்தான். உதவி கேட்க அவள் நினைவுகூட எனக்கு வரவில்லை.

அவள் கையில் என் கட்டுரை முழுவதும் இருந்தது. முதல் தாளின் தலையில் என் பெயர், நான் அனுப்பிய தேதி, மணி. வசந்தி ஒப்படைத்ததற்கு மூன்று நாள் முந்தியது.

"நீ என்கிட்ட கேக்கவே இல்ல," என்றாள். "அதான் நானே வந்துட்டேன்."

நான் தப்பினேன். பட்டமும் வாங்கினேன். வசந்தி இன்றுவரை ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்கவில்லை, எனக்கும் மனம் ஆறவில்லை. அதையும் முருகன் காலடியில்தான் வைத்திருக்கிறேன். ஆனால் அன்றிலிருந்து யாருக்கும் பட்டப்பெயர் வைத்ததில்லை.

கைவிடப்பட்டோம் என்று அழுகிறவர்களே, அவனிடம் கேளுங்கள். கண்டிப்பாக ஓர் ஆளை அனுப்புவான். நீங்கள் கேலி செய்தவரையே அனுப்பினாலும், எழுந்துபோய்க் கதவைத் திறங்கள்.