முழுப் பூ

தொழிற்சாலையில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. மிச்சக்கா என்றுதான் சொல்வார்கள். சீருடை தைக்கிற அந்த இடத்தில் வெட்டுகிற மேஜையோரம் முப்பத்தோரு வருஷம் நின்றாள். அறுபது அடுக்குத் துணியை விரித்து, மேல் துணியில் காகித அச்சுகளை வைத்து, சாக்பீஸால் கோடு போடுவது அவள் வேலை. முதுகுத் துண்டுக்கும் கைத் துண்டுக்கும் நடுவில் மற்றவர்கள் கண்ணுக்கு வெற்றிடம் தெரிந்தால் அவள் கண்ணுக்கு ஒரு காலர் தெரியும். அச்சைத் திருப்பி, சாய்த்து, எப்படியாவது அங்கே சொருகிவிடுவாள். சட்டைக்கு இரண்டு விரல் துணி மிச்சம். ஆயிரம் சட்டைக்கு எவ்வளவு என்பது முதலாளிக்குத் தெரியும். அவள் ஓய்வு பெற்ற அன்று கண் கலங்கியது அவர் ஒருவர்தான்.

வீட்டிலும் அதே கைதான். தொழிற்சாலையில் எடைக்குப் போடுகிற வெட்டுத் துண்டுகளை வாங்கி வந்து, ஒட்டுப் போட்டு, மெத்தை உறையும் தலையணை உறையும் ஜன்னல் திரையும் அவளே தைத்தாள். திரையில் ஒரு பட்டை பள்ளிக்கூட நீலம், ஒரு பட்டை காவலாளிக் காக்கி, ஒரு பட்டை ஆஸ்பத்திரிப் பச்சை. புதிதாக யாராவது வந்து வாசலில் தயங்கினால் கணவர் சொல்வார்: "பயப்படாம வாங்க. இங்க யாரும் டூட்டில இல்ல." பள்ளிக்கூடம் ஒன்றில் மணி அடித்து, கடிதம் சுமந்து ஓய்வு பெற்றவர் அவர். மனைவியிடம் எதிர்த்துப் பேசி அவருக்குப் பழக்கமில்லை. அவ்வப்போது இப்படி ஒன்றைச் சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்ப்பார்.

அவளுடைய ஓய்வுப் பணம் மொத்தமாக வந்தது. அதில் தன் வீட்டுக்கு மேல் ஒரு மாடி எழுப்புவது என்று மகன் முடிவு செய்திருந்தான். வாடகைக்கு விட்டால் பணம் குட்டி போடும் என்றான். அம்மாவிடம் கேட்க வேண்டிய விஷயமாகவே அவனுக்கு அது தோன்றவில்லை. அவளும் மறுக்கவில்லை. மறுக்க அப்போது காரணம் எதுவும் இல்லை.

காரணம், வங்கிக்குப் போகிற வழியில் ஒரு கடையின் கண்ணாடிக்குப் பின்னால் தொங்கியது. கருநீலத் திரைத் துணி. அதில் சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஆரஞ்சு நிறப் பூக்கள். எத்தனையோ ஊர்ச் சட்டைக்குக் கோடு போட்டவள், பூப் போட்ட துணியில் ஒருநாளும் போட்டதில்லை. பத்து நிமிஷம் வெளியிலேயே நின்றுவிட்டு உள்ளே போனாள். கடைக்காரர் நேர்மையானவர். இரண்டு அகலத்தைச் சேர்க்கும்போது பூவுக்குப் பூ பொருந்த வேண்டும், அதில் மூன்று மீட்டர் சேதாரம் போகும், எல்லோரும் சின்னப் பூதான் எடுப்பார்கள் என்று எச்சரித்தார். அவளுக்கா தெரியாது.

"போகட்டும், கிழிங்க" என்றாள். சொன்ன பிறகு, சொன்னது தான்தானா என்று இருந்தது.

தையலும் கூலி கொடுத்தே என்று தீர்மானித்தாள். ஒரு காலத்தில் அவளோடு வேலை பார்த்து, இப்போது சொந்தக் கடை வைத்திருக்கும் தையல்காரரிடம் கொடுத்தாள். ஞாயிற்றுக்கிழமை அவரே வீடு தேடித் திரைகளைக் கொண்டு வந்தார். மகனும் மருமகளும் வந்திருந்தார்கள். திரைகளின் மேல் மடித்து வைத்த தனித் துணி ஒன்று இருந்தது.

"உங்க துணியையே வீணாக்குவேனாக்கா?" என்றார் அவர், முகமெல்லாம் சிரிப்பாக. "மூணு மீட்டரை அப்படியே மீட்டுட்டேன்."

அவள் திரையை விரித்தாள். நடுத் தையலில் இடப்பக்கம் பாதிப் பூ, வலப்பக்கம் வெறும் காம்பு. அடுத்த வரியில் இடப்பக்கம் காம்பு, வலப்பக்கம் பாதிப் பூ. மேலிருந்து கீழ்வரை ஒரு பூவாவது சேரவில்லை.

மடிப்பு விழுந்தால் தெரியாது என்றாள் மருமகள். தூரத்திலிருந்து பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறது என்றார் கணவர். மகன் அந்த மூன்று மீட்டரைக் கையில் எடை பார்ப்பதுபோல் தூக்கிப் பிடித்தான்.

"அவருக்குத் தெரிஞ்சிருக்கு பாரும்மா, உன்னைப் பத்தி. நீ மிச்சம் பிடிச்சாத்தான் உனக்கு ராத்திரி தூக்கம் வரும். மாடியும் அதே கதைதான். உனக்காகத்தான் சொல்றேன்."

அந்தத் திரையை மாட்டிவிட்டால் மாடியும் சேர்ந்து எழும்பிவிடும் என்று அவளுக்குத் தெரிந்துபோயிற்று. தனக்கு எது போதும் என்பதை இத்தனை பேர் அளவெடுத்து வைத்திருக்கிறார்கள்.

மறுநாள் அதே துணியை மறுபடி முழு அளவுக்கு வாங்கிக்கொண்டு தையல்காரரிடம் போனாள். அவர் விரித்தார், பூவுக்குப் பூ வைத்துக் கோடு போட்டார், கத்தரியை எடுத்தார், கீழே வைத்தார்.

"கை வரலக்கா. நல்ல துணி. இவ்வளவும் வீணா விழும்."

"அப்படி நகருங்க."

கத்தரி அவள் கைக்கு வந்தது. அவளுக்கும் முதல் வெட்டில் விரல் இறுகித்தான் நின்றது. காலர் வைக்கலாம், பை வைக்கலாம் என்று கண் பாட்டுக்கு வெற்றிடத்தை மேய்ந்தது. அடச்சீ என்று அதை அதட்டிவிட்டு அழுத்தினாள். ஒரு முழ அகலப் பட்டை தரையில் விழுந்தது. அடுத்ததும் விழுந்தது. எடுத்து மடிக்கவா என்று அவர் கேட்டார். கூட்டித் தள்ளச் சொன்னாள். பூ சேராத முதல் திரைகளை என்ன செய்வது என்றதற்கு, வேண்டியவர்களுக்குக் கொடுங்கள் என்றாள்.

அடுத்த ஞாயிறு மதியம் மகன் பொறியாளர் போட்டுக் கொடுத்த வரைபடத்தோடு வந்தான். ஜன்னலைப் பார்த்தான். ஒரே துணிக்கு இரண்டு தடவை காசு கொடுத்த கதையை அப்பாவிடம் கேட்டுத் தெரிந்துகொண்டான். வரைபடத்தை விரிக்காமல் உருட்டியபடியே வைத்துக்கொண்டு, அம்மாவுக்கு உடம்புக்கு ஏதாவதா என்று அப்பாவையே விசாரித்தான்.

"என்னைக் கேளு" என்றாள் அவள். "உடம்பு நல்லாயிருக்கு. மாடியை உன் சம்பளத்துல கட்டிக்கோ."

"அப்ப இந்தப் பணம்?"

"செலவு பண்ணப் போறேன்."

"இப்படியே பண்ணினா தீர்ந்து போகும்மா."

"தீர்ந்து போகட்டும்னுதான்டா சம்பாதிச்சேன். சோத்துக்கு அப்பா பென்ஷன் மாசாமாசம் வருது. உன் வாசல்ல வந்து நிக்க மாட்டேன், பயப்படாதே."

அவன் அப்பாவைப் பார்த்தான். நீங்களாவது சொல்லக்கூடாதா என்பதுபோல் இருந்தது அந்தப் பார்வை. அவர் செய்தித்தாளை இன்னும் கொஞ்சம் உயர்த்திப் பிடித்துக்கொண்டார். மகன் செருப்பை மாட்டிக்கொண்டு, கதவைச் சாத்துவதா வேண்டாமா என்று தெரியாமல் பாதியில் விட்டுவிட்டுப் போனான்.

அவள் எழுந்து கதவைச் சாத்தினாள். பிறகு ஜன்னல்களுக்குப் போய் ஒவ்வொரு திரையாக இழுத்து மூடினாள். வெளியே வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது, உள்ளே இருட்டிவிட்டது. பூக்கள் சரியாகத் தெரியவில்லை. கூடத்து விளக்கைப் போட்டாள். போதவில்லை. ஓர விளக்கையும் போட்டாள். அவள் நாற்காலியை இழுத்துத் திரைக்கு எதிரே போட்டு உட்கார்ந்தபோது கணவர் எழுந்து சுவிட்சுப் பலகையிடம் போனார். பட்டப்பகல் என்று சொல்ல வந்தவர்போல் வாயைத் திறந்தார். அவள் திரும்பிப் பார்த்தாள்.

அவர் மின்விசிறியையும் சேர்த்துப் போட்டுவிட்டு, தன் நாற்காலியை அவள் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.