கைக்குத் தெரிந்த சுவர்

மலைமேல் இருக்கும் அட்டுவம்பட்டியில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் கார் நிறுத்துவதற்கென்று கட்டிய அறை ஒன்று இருக்கிறது. கார் வாங்கவே இல்லை. அந்த அறைதான் என் தச்சுப் பட்டறை. ஹோட்டல் ஒன்றில் பராமரிப்பு வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகு, காலையில் காப்பி குடித்த கையோடு அங்கே போய்விடுவேன். முக்காலி, புத்தக அலமாரி, பிள்ளைகளுக்கான சின்ன நாற்காலி என்று செய்வேன். ஏதோ சுமாராகச் செய்வேன் என்று அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. நன்றாகவே செய்வேன்.

ஆனால் கருவிகளை வைத்திருந்த லட்சணத்தைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. பாதி டிரங்குப் பெட்டியில், பாதி மேசைக்கு அடியில் சாக்கில், மீதி எங்கே வைத்தேனோ அங்கே. ஒரு உளியைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் எதற்குத் தேடினேன் என்பது மறந்துபோகும்.

"உங்களுக்கு செய்யுற சோலிய விட தேடுற சோலிதான் பெருசா கெடக்கு" என்பாள் என் மனைவி.

அந்தச் சமயத்தில்தான் மதுரையில் ஒரு கண் டாக்டர் என் கண்களைப் பரிசோதித்துவிட்டு, உள்ளே அழுத்தம் கூடியிருக்கிறது என்றார். பார்வை ஓரங்களிலிருந்து உள்நோக்கி மூடிக்கொண்டு வருகிறதாம். நேரே பார்ப்பது தெளிவாகத் தெரியும், பக்கவாட்டில் இருப்பது தெரியாது. போனது திரும்பாது, இருப்பதைச் சொட்டு மருந்தால் காப்பாற்றப் பார்க்கலாம் என்றார். மருந்தை வாங்கிக்கொண்டு வந்து ஸ்க்ரூ டப்பாவுக்குள் ஒளித்து வைத்தேன்.

மனைவியிடம் சொல்லவில்லை. சொன்னால் அன்றைக்கே பட்டறைக்குப் பூட்டுப் போட்டுவிடுவாள். முன்பு ஒருமுறை விரலில் லேசாக ரம்பம் கீறியதற்கே, அந்த ரம்பத்தை ஒரு வாரம் அரிசி டிரம்முக்குள் போட்டு மூடி வைத்தவள். பட்டறையும் போய்விட்டால் நாள் முழுக்க என்ன செய்வேன் என்று நினைத்துப் பார்த்தேன். பயமாக இருந்தது. டாக்டர் சொன்னதைக் கேட்டபோதுகூட எனக்கு அவ்வளவு பயம் வரவில்லை.

சும்மா உட்கார்ந்து பயப்படுவது என் சுபாவம் இல்லை. கண் எந்தப் பக்கம் போனாலும், கை தானாகப் போய் எடுக்கிற மாதிரி கருவிகளைச் சுவரில் மாட்டிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

மலையில் சுவரில் ஆணி அடித்து இரும்பை நேரே மாட்டினால் பத்தே நாளில் துரு ஏறிவிடும். மழை மாதங்களில் சுவருக்கே வியர்க்கும். அதனால் முதலில் கட்டைகளை அடித்து, அவற்றின் மேல் பிளைவுட் பலகையை நிறுத்தினேன். சுவருக்கும் பலகைக்கும் நடுவே காற்றுப் போக இரண்டு விரல் இடைவெளி. பிறகு ஆடலூரிலிருந்து வந்த பலாப் பலகையில் பட்டைகள் எடுத்து, ஒவ்வொன்றையும் நீளவாக்கில் சாய்வாக இரண்டாக அறுத்தேன். ஒரு பாதியைப் பலகையில் முடுக்கினேன். மறுபாதியை ஒவ்வொரு கருவிக்கும் செய்த தாங்கியின் முதுகில் பொருத்தினேன். மேலிருந்து இறக்கினால் தாங்கி பட்டையில் கச்சிதமாக உட்கார்ந்துகொள்ளும். தூக்கினால் கையோடு வந்துவிடும். விருப்பப்பட்ட இடத்துக்கு மாற்றிக்கொள்ளலாம், ஒரு ஸ்க்ரூவைக்கூடக் கழற்ற வேண்டாம். செய்து முடித்து நானே கொஞ்ச நேரம் ரசித்துக்கொண்டு நின்றேன்.

தாங்கிகளில் முடுக்கக் கொக்கி வாங்கப் போனபோது பஜாரில் இரும்புக் கடை பாய் கேட்டார்: "நாப்பது கொக்கியா? என்னண்ணே, கறிக்கடை போடப் போறீங்களா?"

"எங்க வீட்டம்மா வாய்ல பேசுறத எல்லாம் மாட்டி வைக்கலாம்னு" என்றேன்.

"அதுக்கு நாப்பது பத்தாதேண்ணே" என்று சொல்லிக்கொண்டே எண்ணிக் கொடுத்தார்.

எல்லாரும் கருவிகளை இனம் பிரித்து அடுக்குவார்கள், உளிகள் ஒரு பக்கம், ரம்பங்கள் ஒரு பக்கம் என்று. நான் வேலையின் ஓட்டத்தை வைத்து அடுக்கினேன். மேசையில் நின்றால் சுவர் என் இடது கைப் பக்கம். கண் மரத்தில் இருக்கும்போதே இடது கை நீண்டால் முதலில் படுவது மூலைமட்டம், அதற்கு ஒரு சாண் தள்ளி கொட்டாப்புளி என்கிற மரச்சுத்தியல், அதன் கீழே உளிகள். சின்ன மண்வெட்டி போல அலகு குறுக்கே திரும்பிய வாய்ச்சியைக் கடைசியில், கைக்கு எட்டியும் எட்டாமலும் மாட்டினேன். வெட்டுகிற வாய் எல்லாம் சுவரைப் பார்த்து, கைப்பிடி எல்லாம் என்னைப் பார்த்து. பிறகு ஒரு மாதம் தினமும் காலையில் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பதும் வைப்பதுமாகப் பழகினேன். தப்பினால் தாங்கியை நகர்த்தினேன். கடைசியில் ஒருநாள் நாற்பதையும் தப்பில்லாமல் எடுத்தேன். பள்ளிக்கூடத்தில்கூட நான் நூற்றுக்கு நூறு வாங்கியதில்லை.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் நல்ல நாட்கள். வேலை முன்பைவிட வெரசாக நடந்தது. கண்ணைப் பற்றிய நினைப்பே பட்டறைக்குள் வரவில்லை. அக்கம்பக்கத்தில் யாராவது வந்தால் மனைவி கூட்டிக்கொண்டு வந்து சுவரைக் காட்டுவாள். "மனுசன் இப்பதான் ஒரு ஒழுங்குக்கு வந்திருக்காரு" என்பாள். நான் பெருமையாக நின்றுகொண்டிருப்பேன்.

ஆயுத பூஜை வந்தது. வழக்கம்போல எல்லாக் கருவிகளையும் இறக்கி, துடைத்து எண்ணெய் போட்டு, மேசைமேல் வெள்ளைத் துணி விரித்து வைத்தோம். சந்தனமும் குங்குமமும் வைப்பது அவள் பங்கு. அன்றைக்கு ஒன்றையும் தொடக் கூடாது. பொரியும் சுண்டலும் தின்றுவிட்டுச் சும்மா இருந்தேன். மறுநாள் காலையில் கருவிகளை எடுத்து ஏதாவது ஒரு வேலையைத் தொடங்கிவிட வேண்டும் என்பது எங்கள் வீட்டு வழக்கம்.

வெள்ளனே எழுந்து குளித்துவிட்டு நான் பட்டறைக்குப் போவதற்குள், எனக்கு முன்னாலேயே எழுந்துவிட்ட அவள், தொடங்குகிற வேலைக்கென்று ஒரு உளியை மட்டும் மேசையில் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் சுவரில் மாட்டி முடித்திருந்தாள். எனக்கு ஒரு வேலை மிச்சமாகட்டும் என்று செய்தது. பழைய இடம் நினைவில்லாததால் அவளுக்கு அழகாகத் தோன்றியபடி பெரிசிலிருந்து சின்னது வரை வரிசையாக மாட்டியிருக்கிறாள். பொட்டு எல்லாம் அலகில் அல்லவா இருக்கிறது? அது தெரிய வேண்டும் என்று வெட்டுகிற வாயை எல்லாம் வெளிப்பக்கம் திருப்பி வைத்து, போட்டோ எடுத்துச் சென்னையில் இருக்கும் மகளுக்கும் அனுப்பிவிட்டாள். தூக்கினால் வரும், இறக்கினால் உட்காரும் என்று நான் செய்த தாங்கிகள் அவளுக்கும் அதே வசதியைத்தான் கொடுத்திருக்கின்றன.

உள்ளே போனேன். எதிரே ஜன்னல், மேசைமேல் முக்காலியின் காலும் அந்த உளியும். மற்றதெல்லாம் பழைய இடத்துக்கே போயிருக்கும் என்று நினைத்தேன். சுவர் பக்கம் திரும்பவே இல்லை, திரும்பிப் பார்க்கிற பழக்கம்தான் போய்விட்டதே. உளியை வலது கையில் எடுத்தேன். கொட்டாப்புளியை எடுக்க இடது கையை வீசினேன். உள்ளங்கை வாய்ச்சியின் அலகில் போய் இறங்கியது.

மூன்று தையல். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்து, பட்டறைத் தரையில் சொட்டிய ரத்தத்தை அவள் கழுவிவிட்டுக் கேட்டாள்.

"ஏங்க, அம்மாம் பெருசா கண்ணுக்கு முன்னாடி தொங்குது. பாக்காமயா கைய விட்டீங்க?"

"பாக்கல."

"ஏன் பாக்கல?"

பொய் சொல்ல நான்கைந்து வழி இருந்தது. கை வலியில் ஒன்றும் வாயில் வரவில்லை. "அந்தப் பக்கம் எனக்குத் தெரியாது புள்ள" என்றேன்.

முதலில் விளையாட்டு என்றுதான் நினைத்தாள். நான் ஸ்க்ரூ டப்பாவைத் திறந்து சொட்டு மருந்தைக் காட்டியதும் மரத்தூள் மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாள்.

"எத்தன நாளா?"

"ரெண்டு வருசமா."

"அப்ப மதுரைக்கு பிளேடு வாங்கப் போறேன் பிளேடு வாங்கப் போறேன்னு போனதெல்லாம்?"

"பிளேடும் வாங்குனேன்."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "தெரிஞ்சிருந்தா அந்த வாய்ச்சிய நான் தொட்டுருப்பேனா? இப்ப அந்தப் பாவம் என் தலையில கெடக்கு" என்று அழுதாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அவள் பூட்டுப் போட்டுவிடுவாள் என்று பயந்து இரண்டு வருடம் நான் ஒளித்து வைத்தது மருந்தை மட்டுமல்ல, அவளிடமிருந்து என்னையும்தான்.

பூட்டுப் போடவில்லை. தையல் பிரித்த மறுநாள், "வாங்க, சுவத்த சரி பண்ணுவோம்" என்று அவளே கூப்பிட்டாள். நான் மேசையில் கண்ணை மூடிக்கொண்டு நின்று கையை நீட்டினேன். விரல் தொட்ட இடத்தில் அவள் தாங்கியை மாட்டினாள். இன்னும் கீழே, நாலு விரல் தள்ளி என்று நான் சொல்லச் சொல்ல நாற்பதும் பழைய இடத்துக்கு வந்தன. பொட்டு இனிமேல் கைப்பிடிக்குத்தான் என்று அவளே சொன்னாள். எனக்குப் பழைய தெம்பு வந்துவிட்டது. டாக்டர் ஏதோ சொல்கிறார், அப்படி ஒன்றும் மோசமில்லை, ஓரத்தில் கொஞ்சம்தான் போயிருக்கிறது என்று அவளுக்கு விளக்கினேன்.

"கொஞ்சம்னா எம்புட்டு?"

"கொஞ்சம்தான்."

அவள் செருப்பைக் கழற்றிவிட்டாள். "நீங்க நேரா ஜன்னலப் பாருங்க, திரும்பக் கூடாது. நான் கதவுகிட்ட இருந்து சுவத்து ஓரமா நடந்து வாரேன். எப்ப தெரியுறனோ அப்ப சொல்லுங்க."

ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெளியே மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. அறை சின்னதுதான், கதவிலிருந்து பத்து எட்டு இருக்கும். என் தோளுக்கு நேராக வந்ததுமே சொல்லிவிடலாம் என்று நினைத்திருந்தேன். வெகுநேரமாக ஒன்றும் தெரியவில்லை. இன்னும் நடக்கவே தொடங்கவில்லை போல என்று எண்ணிக்கொண்டிருக்கும்போது சேலையின் நீலம் கண்ணில் பட்டது.

"தெரியுது" என்றேன்.

திரும்பிப் பார்த்தேன். சுவர் முழுவதையும் தாண்டி, மேசையை ஒட்டி, ஜன்னல் பக்கம், கிட்டத்தட்ட என் எதிரிலேயே நின்றுகொண்டிருந்தாள். அவ்வளவு தூரம் என் பக்கத்திலேயே நடந்து வந்திருக்கிறாள், நான் பார்க்கவில்லை. அவள் மேசையிலிருந்த சாக்கட்டியை எடுத்துக் குனிந்து, தன் கால் விரல்களுக்கு முன்னால் தரையில் ஒரு கோடு போட்டாள்.

"சரி. இனிமே இங்க வந்து நின்னுக்கிட்டுத்தான் உங்களக் கூப்புடுவேன்" என்றாள்.