கழுதை சேர்த்தியா?

இடையர்கள் என் படை. ராஜாக்கள் அண்ணன் படை. அண்ணன் என்றால் பெரியப்பா மகன், என்னைவிட இரண்டு வயது மூத்தவன். அப்போது எனக்குப் பத்து வயது இருக்கும்.

செம்பட்டிக்குத் தெற்கே எங்கள் ஊர். தக்காளியும் மொச்சையும் போடுகிற ஊர். கிறிஸ்துமஸுக்குப் பெரியப்பா வீட்டுக் கூடத்தில் ஒரு பெரிய மேசைமேல் குடில் வைப்பார்கள். சாக்கைச் செம்மண் கரைசலில் முக்கிக் காயவைத்தால் மலை. கண்ணாடித் துண்டு குளம். டப்பாவில் முளைக்கப்போட்ட கம்பு வயல். நடுவில் ஓலைக் கொட்டகை. அதற்குள் மாதா, சூசையப்பர், பாலன் இயேசு. வாசலில் ஒரு மாடு, ஒரு கழுதை. வெளியே நான்கு இடையர்கள், ஆடுகள், ஒட்டகத்தில் மூன்று ராஜாக்கள். எல்லாம் விரல் நீளத்துக்குச் செய்த சுரூபங்கள்.

ஜனவரி முதல் வாரத்தில் வரும் மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் குடிலைப் பிரித்து, சுரூபங்களைக் காகிதத்தில் சுற்றித் தகரப்பெட்டியில் அடுக்க வேண்டும். அது எங்கள் இருவருக்கும் உள்ள வேலை. பிரிப்பதற்கு முன்னால் ஒரு யுத்தம் போட்டுவிட்டுத்தான் பிரிப்போம். பெரியவர்களுக்கு இது தெரியாது. தெரிந்திருந்தால் முதுகு பழுத்திருக்கும்.

யுத்தத்துக்குச் சட்டம் உண்டு. ஈர்க்குச்சியை ஒடித்து ஒரு அளவு வைத்திருந்தோம். இடையன் ஒரு தடவைக்கு ஒரு குச்சி தூரம் நகரலாம். ராஜா ஒட்டகத்தில் வருவதால் இரண்டு குச்சி. ராஜாவுக்கு வில், இடையனுக்குக் கவண். அடிக்கும்போது இருவரும் தாயக்கட்டை உருட்ட வேண்டும், கூட விழுந்தவன் அடித்தான். செத்தவன் வைக்கோலில் படுப்பான். ஆடுகள் அடிக்காது, வழி மறிக்கும். தன் ஆளை முதலில் பாலன் தொட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்தியவர் ஜெயித்தார். மாதா, சூசையப்பர், பாலன் மூவரும் திருக்குடும்பம், சண்டையில் சேர மாட்டார்கள். அவர்களைத் தாண்டி யாரும் அம்பு விடக்கூடாது.

இம்புட்டுச் சட்டம் இருந்தும் தகராறு வராத வருசம் இல்லை. அண்ணன் ஒட்டகத்தின் மூக்கிலிருந்து அளப்பான். நான் காலிலிருந்து அளக்கச் சொல்வேன். கட்டை வைக்கோலில் சாய்ந்து நின்றால் அவனுக்கு ஐந்து, எனக்கு இரண்டு. அதனால் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். ஒத்துவராத விசயத்தை மூன்றாம் ஆளிடம் கேட்க வேண்டும். எதற்காகக் கேட்கிறோம், யாருக்கு எது சாதகம் என்று சொல்லக்கூடாது. அவர் சொன்னால் மறுபேச்சு இல்லை. மூக்கா காலா என்று பெரியம்மாவிடம்தான் கேட்டோம். அவர் மாவு ஆட்டிக்கொண்டே, “எதை அளந்தாலும் தரையில இருந்துதான் அளக்கணும், போங்க அங்கிட்டு” என்றார். அன்றோடு மூக்கு போயிற்று.

அந்த வருசம் பந்தயம் வைத்தோம். அண்ணன் ஜெயித்தால், ஒரு வருசத்துக்கு அவன் வீட்டு மாட்டுக்கும் நான்தான் தண்ணீர் காட்ட வேண்டும். நான் ஜெயித்தால் அடுத்த வருசம் குடில் எங்கள் வீட்டில்.

தாத்தா இறந்து பாகம் பிரித்தபோது தகரப்பெட்டி மூத்தவர் வீட்டோடு போய்விட்டது. அதில் சண்டை சச்சரவு ஒன்றும் இல்லை. யாரும் கேட்கவுமில்லை. கிறிஸ்துமஸ் என்றால் அம்மா பெரியம்மா வீட்டு அடுப்படியில் முறுக்குச் சுட்டுக்கொண்டிருப்பார். குடில் பார்க்க வருகிறவர்கள் கூடத்தோடு பார்த்துவிட்டுப் போவார்கள். நம் வீட்டிலும் ஒன்று வைத்தால் என்ன என்று ஒருதரம் கேட்டேன். “நம்ம வீட்டுக்கு யாரு வந்து பாக்கப்போறா” என்று சொல்லிவிட்டு அம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. ஆனால் எனக்கு அது வேண்டும் என்று ஆகிவிட்டது.

யுத்தம் எனக்குச் சரியாக நடக்கவில்லை. நான்கு இடையர்களில் மூன்று பேர் வைக்கோலில் படுத்துவிட்டார்கள். மிச்சம் ஒருவனும் ஆடுகளும்தான். அண்ணனிடம் இரண்டு ராஜாக்கள் நின்றார்கள். நான் என் கடைசி இடையனைக் கொண்டுபோய்க் கழுதைக்குப் பின்னால் நிறுத்தினேன். இன்னும் ஒரு குச்சி தூரம் போனால் தொட்டில்.

“அம்பு விடுறேன்” என்றான் அண்ணன்.

“விட முடியாது. கழுதை குறுக்க நிக்குது.”

“கழுதை நின்னா என்ன? ஆடு மாதிரி அதுவும் ஒரு உருப்படி.”

“மாதா ஏறி வந்த கழுதைடா. அது திருக்குடும்பத்துல சேத்தி.”

“ஏறி வந்தா குடும்பமாயிருமா? உங்கப்பா சைக்கிளு உனக்குச் சித்தப்பாவா?”

கத்திக்கொண்டே இருந்தோம். முடியவில்லை. இது பெரியம்மாவிடம் கேட்கிற விசயமும் இல்லை. உபதேசியாரிடம் போனோம்.

எங்கள் ஊரிலேயே தங்கியிருக்கிற சாமியார் கிடையாது. வெளியூரிலிருந்து மாதம் ஒருதரம் ஒருவர் வந்து பூசை வைத்துவிட்டுப் போவார். மற்ற நாட்களில் ஜெபம் சொல்வது, பிள்ளைகளுக்கு வகுப்பு வைத்து மந்திரமும் வேதமும் சொல்லிக்கொடுப்பது, சண்டையைத் தீர்ப்பது எல்லாம் உபதேசியார்தான். நாங்கள் போனபோது கோயில் பக்கத்தில் முருங்கைக்காய் பறித்துக்கொண்டிருந்தார். துரட்டியைக் கீழே இறக்கவில்லை.

“அய்யா, குடில்ல நிக்குற கழுதை திருக்குடும்பத்துல சேத்திங்களா?” என்றான் அண்ணன். பேசிவைத்தபடி, வேறொன்றும் சொல்லவில்லை.

“யாருடா இதக் கேக்கச் சொன்னது?”

“யாரும் சொல்லலைங்கய்யா. சும்மா தெரிஞ்சுக்க.”

அவர் ஒரு காயை இழுத்துக் கீழே போட்டார். “வேதத்துல சாமி பொறந்த எடத்துல கழுதையே கெடையாது. மாடும் கெடையாது. அழகுக்கு வச்சுக்கிட்டதுதான்.”

அண்ணன் என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையை இப்போது நினைத்தாலும் எரிச்சல் வருகிறது. கழுதையே கிடையாது என்றால் என் இடையன் வெட்டவெளியில் நிற்கிறான். அண்ணன் கிளம்பிவிட்டான். நான் அங்கேயே நின்றேன்.

“அப்ப ஒட்டகம்?” என்று கேட்டேன்.

“ஒட்டகமும் அங்க எழுதல.”

“ராஜா?”

“ராஜான்னு எங்க இருக்கு? ஞானிகள்னுதான் இருக்கு. மூணு பேருன்னும் இல்ல. கொண்டுவந்த காணிக்கை மூணு. அத வச்சு நாமளா ஆள எண்ணிக்கிட்டோம்.”

அண்ணன் நின்றுவிட்டான்.

“இடையரு?”

“அவுங்க இல்லாமயா? வயக்காட்டுல கெடை போட்டுக் காவல் காத்தாங்கன்னு நல்லா எழுதியிருக்கே.”

“எழுதியிருக்குங்களா?”

“எழுதியிருக்கு. இந்தா, இத ஆத்தாகிட்டக் குடு” என்று நாலு முருங்கைக்காயை என் கையில் கொடுத்தார்.

திரும்பி வரும்போது அண்ணன் வேகமாக நடந்தான். நான் முருங்கைக்காயோடு ஓடினேன்.

“நாம கேட்டது கழுத ஒண்ணுதான். மிச்சது செல்லாது” என்றான்.

“அவரு சொன்னா மறுபேச்சு இல்லைன்னு சொன்னது நீதான்.”

“கேட்டதுக்குத்தான் செல்லும். நீயா நோண்டி நோண்டிக் கேட்டா?”

“கழுதைக்கு மட்டும் வேதம் வேணும், ஒட்டகத்துக்கு வேணாமா?”

 கூடத்துக்கு வந்ததும் அண்ணன் ஒரு ராஜாவை எடுத்துக் கையில் வைத்துச் செத்த நேரம் பார்த்தான். “மந்திர வகுப்புல மூணு ராஜான்னுதானே இவரே சொல்லிக்குடுத்தாரு” என்றான். பிறகு காகிதத்தைக் கிழித்து ராஜாவைச் சுற்றினான். அடுத்த ராஜாவையும் சுற்றினான். கழுதையையும் மாட்டையும் நானே எடுத்துச் சுற்றினேன். மேசையில் என் இடையனும் ஆடுகளும் திருக்குடும்பமும் மட்டும் நின்றன. நான் ஒரு குச்சி அளந்து இடையனைத் தொட்டிலுக்குப் பக்கத்தில் நிறுத்தினேன். அண்ணன் அளவைச் சரிபார்த்தான், காலிலிருந்து.

அண்ணன் சொன்ன சொல் மாறாதவன். ஆனால் யுத்தத்தைப் பற்றி வீட்டில் வாய் திறக்க முடியாது. அதனால் பெரியப்பாவிடம் சுருக்கமாகச் சொல்லியிருக்கிறான்: அடுத்த வருசம் குடில் சித்தப்பா வீட்டுல, உபதேசியார் சொல்லிட்டாரு.

அடுத்த ஞாயிறு, பூசை முடிந்து வீட்டுக்கு வந்திருந்தோம். பெரியப்பா வண்டியில் வந்தார். பின்னால் தகரப்பெட்டி கட்டியிருந்தது. அப்பா வாசலில் உட்கார்ந்து மருந்தடிக்கிற டேங்கைக் கழற்றிப் போட்டிருந்தார். பெரியப்பா இறங்கக்கூட இல்லை.

“ஏண்டா தம்பி, உபதேசியாருட்டப் போயித்தான் பிராது வைக்கணுமா? என்ட்ட வாயத் தொறந்து கேட்டா மாட்டேன்னா சொல்லியிருப்பேன்?”

“எதண்ணே?” என்றார் அப்பா.

“எதவா? குடில. பாகம் பிரிச்சு அஞ்சு வருசம் கழிச்சு ஊரு ஆளு சொல்லி நான் தெரிஞ்சுக்கணுமாக்கும். பய வந்து சொல்றான், உபதேசியார் தீத்து வச்சுட்டாருன்னு. எனக்கு எப்புடி இருக்கும்?”

உபதேசியார் அப்படியெல்லாம் தீர்த்து வைக்கவில்லை. அப்பா அவரிடம் போகவும் இல்லை. என் அப்பா யாரிடமும் எதையும் போய்ச் சொல்கிற ஆள் கிடையாது. சாமியாரிடம் பாவத்தைச் சொல்லுகிற பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாலும் ஒரு நிமிசத்தில் எழுந்து வந்துவிடுவார்.

அப்பா என்னைப் பார்த்தார். நான் கோழியைப் பார்த்தேன். உள்ளே அம்மா மொச்சை புடைத்துக்கொண்டிருந்தார். முறச் சத்தம் அப்போது நின்றுவிட்டது. அப்பா ஒருதரம் உள்பக்கம் திரும்பினார். கையிலிருந்த டேங்க் வாசரைத் துடைத்தார். அது சுத்தமாகத்தான் இருந்தது.

நான் போகலண்ணே என்று அப்பா ஒரு வார்த்தை சொன்னால் போதும். பெரியப்பா உபதேசியாரிடம் போய்க் கேட்பார். எல்லாம் வெளியே வரும், பெட்டி திரும்பிப் போகும். 

“தப்புத்தாண்ணே” என்றார் அப்பா. “நேரா உங்ககிட்டயே கேட்டிருக்கணும்.”

பெரியப்பா சண்டைக்கு வந்தவர். எதிராளி இல்லாமல் போய்விட்டது.  பிறகு இறங்கிப் பெட்டியைக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தார். “எலி வராத எடமா வைய்யி” என்றார். அம்மா காப்பி கொண்டுவந்தார். தலையில் முக்காடு போட்டிருந்தார். பெரியப்பா குடித்துவிட்டு, “அம்மாடி, எம்புட்டுச் சீனி” என்றார். உபதேசியாரிடம் அவர் எதையும் விசாரிக்கவில்லை. தம்பி பிராது வைத்தான் என்பதை ஊரில் கேட்டுக்கொண்டு திரிகிற மனுசன் இல்லை அவர்.

அடுத்த டிசம்பரில் குடில் எங்கள் வீட்டில் இருந்தது. ஊரே வந்து பார்த்தது. பெரியம்மா எங்கள் அடுப்படியில் உட்கார்ந்து முறுக்குப் பிழிந்தார். அதையெல்லாம் விட எனக்கு நன்றாக ஞாபகம் இருப்பது பெட்டி வந்த அந்த மதியம்தான்.

அப்பா என்னை ஒன்றும் கேட்கவில்லை. அடிப்பார் என்று காத்திருந்தேன், அதுவும் இல்லை. டேங்கை மாட்டி முடித்துவிட்டுச் சாப்பிட வந்தார். செய்யாத காரியத்துக்குத் தப்பு என்று சொல்கிறாரே, அண்ணன்காரனைக் கண்டு இம்புட்டுப் பயமா என்று எனக்கு அவர்மேல் இளக்காரமாக இருந்தது. நானாக இருந்தால் விட்டிருக்க மாட்டேன்.

அன்றைக்கு ரசம்தான். தொட்டுக்கொள்ள வெஞ்சனம் ஒன்றுமில்லை என்று அம்மா முதலிலேயே சொல்லியிருந்தார். கோழி இடுகிற முட்டையெல்லாம் கடைக்குப் போய்விடும், வீட்டில் யாரும் தொடுவதில்லை. அப்பா தட்டுக்கு முன்னால் உட்கார்ந்ததும் அம்மா எழுந்து போனார். இரண்டு முட்டையை உடைத்து ஊற்றி, மிளகு தூவிப் பொரித்து எடுத்துவந்து அப்பா தட்டில் வைத்தார்.  அப்பா குனிந்து சாப்பிட்டார்.

“எனக்கு?” என்று கேட்டேன்.

“ஒனக்கு நாளைக்கி” என்றார் அம்மா.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. யுத்தத்தில் ஜெயித்தது நான். உபதேசியாரிடம் நின்று கேட்டது நான். பயந்துபோய்த் தப்பு என்று சொன்னவருக்கு இரண்டு முட்டை. இது எந்தச் சட்டத்தில் சேர்த்தி என்று எனக்கு விளங்கவே இல்லை.